எத்தனை கிலோமீட்டர் வரை சம்மதம்?

பிளஸ் டூ முடிவு வந்ததும் சில வீடுகளில் ஒரு பேச்சு தொடங்கும். பிள்ளை தில்லி என்றோ புனே என்றோ கொல்கத்தா என்றோ ஒரு பெயரைச் சொல்லும். அதுவரை மதிப்பெண்ணை ஊரெல்லாம் போனில் சொல்லிக்கொண்டிருந்த அப்பா சற்று நேரம் ஒன்றும் பேசமாட்டார். பிறகு கேள்விகள் வரும். "ஏன், இங்க காலேஜே இல்லையா?" என்பது முதலாவது. "அங்க போய் என்னத்தச் சாப்பிடுவ?" என்று அம்மா கேட்பார். "பாஷை தெரியாத ஊர்ல எப்படி இருப்ப?" என்று பாட்டி கேட்பார். பிறகு பணக் கணக்கு. பெண்பிள்ளையாக இருந்தால் இன்னொரு கேள்வியும் உண்டு. அதைப் பெரும்பாலும் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. வீட்டில் எல்லோருக்கும் அது கேட்டுவிடும், அவ்வளவுதான்.

பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். எல்லாவற்றுக்கும் பதில் தேடிக்கொண்டு வருகிறார்கள். விடுதி மெஸ்ஸில் சோறும் உண்டு, பாடம் ஆங்கிலத்தில்தான், போன வருடம் பக்கத்துத் தெரு அண்ணன் சேர்ந்திருக்கிறார், வளாகத்தில் இரவெல்லாம் காவல் உண்டு. எல்லாம் சரியான பதில்கள். ஆனால் அப்பாவின் முகம் இறுகியபடியே இருக்கிறது. மறுநாள் காலையில் அதே கேள்வி வேறு உருவில் வந்து நிற்கிறது. சரியான பதில் கிடைத்த பிறகும் ஒரு கேள்வி ஓயவில்லை என்றால், உள்ளே வேறொரு கேள்வி இருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும். அந்த உள்கேள்வி என்ன என்று தெரியாமல் எத்தனை வாதம் செய்தாலும் வீடு இரண்டுபட்டுப் போகுமே தவிரச் சம்மதம் பிறக்காது.

முதலில் தூரத்தைப் பார்ப்போம். திருநெல்வேலிப் பிள்ளைக்குச் சென்னையில் இடம் கிடைத்தால் வீடு மகிழ்கிறது. அது ஓர் இரவு முழுக்க ரயிலில் போக வேண்டிய ஊர். சென்னைப் பிள்ளைக்குத் திருப்பதி ஐசரில் இடம் கிடைத்தால் வீடு யோசிக்கிறது. அது மூன்று நான்கு மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஊர். 2015 முதல் அங்கே அந்த அறிவியல் கல்வி நிறுவனம் நடந்து வருகிறது. பெருமாளைப் பார்க்க வருடந்தோறும் போய்வரும் குடும்பமும் படிக்க அனுப்ப வேண்டும் என்றால் தயங்குகிறது. ஆக, கிலோமீட்டர் காரணமில்லை.

சரி, பழக்கமின்மைதான் காரணம் என்று சொல்லலாம். அதில் உண்மை இருக்கிறது. நாகர்கோவில்காரருக்குத் திருவனந்தபுரமும் ஓசூர்க்காரருக்குப் பெங்களூருவும் வெளியூராகவே தோன்றுவதில்லை. போய்வந்த சாலை பயமுறுத்தாது. ஆனால் இந்த விளக்கமும் முழுக்கப் பொருந்தவில்லை. படிப்பு முடிந்து நொய்டாவில் வேலை என்றால், நொய்டா எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாத அப்பாவே பெட்டி வாங்கிக் கொடுக்கிறார். மாப்பிள்ளைக்கு டல்லாஸில் வேலை என்றால், மகளின் விசாவுக்காக அம்மா கோயில் கோயிலாக வேண்டிக்கொள்கிறார். அங்கே பாஷை எப்படி என்று யாரும் கேட்பதில்லை. சாப்பாட்டுக்கு வழி கேட்காமலே பருப்புப்பொடி தயாராகிறது. கடல் தாண்டிய ஊர் வேலைக்கும் கல்யாணத்துக்கும் பக்கத்தில் வந்துவிடுகிறது. விந்திய மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊர் படிப்பு என்றதும் தூரமாகிவிடுகிறது.

இந்தப் பயணங்களுக்குள் வேறுபாடு எங்கே இருக்கிறது? வேலைக்குப் போகும் ஊரை நிறுவனம் முடிவு செய்கிறது. கல்யாணத்தில் போகும் ஊரைப் பெரியவர்கள் முடிவு செய்கிறார்கள். வெளிமாநிலக் கல்லூரியோ, பல குடும்பங்களில், பிள்ளை தானாகத் தேடிக் கண்டுபிடித்து, தானாக விண்ணப்பித்து, தேர்வெழுதி, வீட்டார் முன் கொண்டுவந்து வைக்கும் முதல் பெரிய முடிவு. எந்தப் பள்ளி, எந்தக் குரூப், எந்த டியூஷன் என்று அதுவரை எல்லாவற்றையும் பெற்றோரே தீர்மானித்திருப்பார்கள். நேற்றுவரை தங்கள் கையில் இருந்த ஒன்று இன்று பிள்ளையின் கைக்கு மாறிவிட்டதை அந்தப் பேச்சில்தான் அவர்கள் முதன்முதலாக உணர்கிறார்கள். ஊரின் பெயர் வெறும் சாக்கு. இந்தப் பிள்ளையால் ஒரு முடிவை எடுத்து அதைத் தாங்க முடியுமா என்பதே உள்கேள்வி. சாப்பாடும் பாஷையும் பாதுகாப்பும் அந்தக் கேள்வி போட்டுக்கொண்டு வரும் உடுப்புகள்.

இதைச் சொல்லிவிட்டுப் பெற்றோரைக் குறைகூறிவிடக் கூடாது. அவர்கள் தரப்பு வலுவானது. உயர்கல்வியில் தமிழ்நாடு பின்தங்கிய மாநிலமில்லை. 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, கல்லூரி வயதில் இருப்போரில் உயர்கல்விக்குச் செல்வோர் விகிதம் இந்தியாவில் 28.4 விழுக்காடு, தமிழ்நாட்டில் 47. இங்கே நானூறுக்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. ஐஐடி, என்ஐடி, தேசியச் சட்டப் பல்கலைக்கழகம், மத்தியப் பல்கலைக்கழகம் எல்லாம் உள்ளூரிலேயே உண்டு. பிழைப்புக்கு வழியில்லாமல் ஊரைவிட்டுக் கிளம்பும் நிலை இல்லை. "இங்க இல்லாததா?" என்று கேட்பவர் வீம்புக்குக் கேட்கவில்லை. அதற்கு ஒரு நேர்மையான பதில் வேண்டும்.

பயத்துக்கும் காரணம் உண்டு. 2016க்கும் 2018க்கும் இடையில், தில்லியில் படித்துக்கொண்டிருந்த தமிழ்நாட்டு மாணவர்கள் மூவர் அடுத்தடுத்து இறந்தார்கள். அந்தச் செய்தி வராத தமிழ் நாளிதழ் இல்லை. அதைப் படித்த தாய் எவரும் மறந்திருக்க மாட்டார். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது வெளிமாநிலங்களில் சிக்கிக்கொண்ட பிள்ளைகளை எண்ணித் தூங்காதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எந்த மாநில விடுதியிலும் சாதியும் மொழியும் நிறமும் கேலிக்குரிய பொருளாகலாம் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஆனால் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். 1996இல் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் ராகிங்கில் கொல்லப்பட்டது சிதம்பரத்தில். அதன் பிறகே 1997இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் கடுமையான விதிகள் வந்தது 2009இல். ஆபத்து மாநில எல்லையைப் பார்த்து வருவதில்லை. பக்கத்தில் வைத்துக்கொண்டால் காப்பாற்றிவிடலாம் என்ற நம்பிக்கையை நாம் விரும்பித்தான் வளர்த்துக்கொண்டிருக்கிறோம்.

திருச்சி என்ஐடி வாசலில் சேர்க்கை நாளன்று போய் நின்று பார்த்தால் இன்னொன்று புரியும். என்ஐடிகளில் பாதி இடங்கள் அந்தந்த மாநிலத்துக்கு, மறுபாதி மற்ற மாநிலங்களுக்கு. ஐஐடிகளில் மாநில ஒதுக்கீடே கிடையாது. ஆகவே பாட்னாவிலிருந்தும் ஜெய்ப்பூரிலிருந்தும் வாரங்கலிலிருந்தும் பெற்றோர் பெட்டிகளோடு வந்து இறங்குகிறார்கள். இட்லியையே தின்றுகொண்டு என் மகன் எப்படி இருப்பான், இந்த வெயிலைத் தாங்குவானா, ஆட்டோக்காரரிடம் எந்த மொழியில் பேசுவான் என்று அங்கே நிற்கும் தாய் இந்தியில் கவலைப்பட்டுக்கொண்டிருப்பார். நமக்கு வீட்டு வாசல்போல இருக்கும் திருச்சி அவருக்கு உலகத்தின் கடைக்கோடி. அவர் மகனை விட்டுவிட்டுப் போகிறார். அந்தப் பிள்ளை பரோட்டாவும் சால்னாவும் பழகி, நான்கு வருடத்தில் 'மச்சி' என்று கூப்பிடக் கற்றுக்கொண்டு ஊர் திரும்புகிறது. நம் ஊர் அவர்களுக்கு அயலூர் என்பதை ஒருமுறை உணர்ந்தால், அயலூர் என்ற சொல்லின் கனம் பாதி குறைந்துவிடும்.

பிரிவு நமக்குப் புதிதும் இல்லை. தலைவன் தலைவியைப் பிரியும் காரணங்களில் ஒன்றாகத் தொல்காப்பியம் கல்வியை வைத்திருக்கிறது. போருக்கும் தூதுக்கும் போவதைப்போல ஓதுவதற்காகவும் போகலாம். அதற்கு ஒரு கால எல்லையும் சொல்லியிருக்கிறது: கல்விக்கான பிரிவு மூன்று ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. இன்றைய பல பட்டப்படிப்புகளின் காலமும் அதுவாகவே அமைந்தது தற்செயல். ஆனால் அந்த இலக்கணம் ஆணுக்குத்தான். கடல் கடந்த பயணம் பெண்ணோடு இல்லை என்று அதே நூல் வரையறுக்கிறது. சங்க இலக்கியத்தில் வீட்டைவிட்டுப் போகும் மகள் காதலனோடுதான் போகிறாள். பின்னால் நின்று அழும் தாய்க்கென்று ஐங்குறுநூற்றின் பாலைப் பகுதியில் பத்துப் பாடல்கள் தனியாகவே இருக்கின்றன. படிக்கப் போன மகளுக்காக அழுத தாய் அங்கே இல்லை. மகனை அனுப்பிவைக்க நம்மிடம் நீண்டகால வழக்கம் இருக்கிறது. மகளை அவளுடைய சொந்த முடிவில் அனுப்பிவைக்க முன்மாதிரி குறைவு. மகனோடு நடக்கும் பேச்சு பெரும்பாலும் பணத்தில் முடிவதற்கும், மகளோடு நடக்கும் பேச்சு 'நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்று தொடங்குவதற்கும் இதுவே காரணம்.

ஆனாலும் முன்மாதிரி அடியோடு இல்லாமல் போய்விடவில்லை. முத்துலட்சுமி ரெட்டி பிறந்த புதுக்கோட்டை அன்று தனிச் சமஸ்தானம். மன்னர் கல்லூரியில் படித்துவிட்டு 1907இல் அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அந்தக் கணக்கில் அவர் ஓர் ஆட்சி எல்லையைக் கடந்து வேறோர் ஆட்சிப் பகுதிக்குப் படிக்கப் போனவர். 1912இல் மருத்துவராக வெளியே வந்தார். பெண்ணுக்குப் பதினைந்து வயதுக்குள் கல்யாணம் முடிந்துவிடும் காலம் அது. தந்தை நாராயணசாமி ஐயர் மகளின் படிப்புக்குத் துணை நின்றார். அவருக்கு ஊர் வாய் என்ன சொல்லியிருக்கும் என்று ஊகிக்கப் பெரிய கற்பனை தேவையில்லை.

பெற்றோரின் சம்மதம் என்றால் எனக்கு எப்போதும் நினைவுக்கு வருபவர் கோமளத்தம்மாள். கும்பகோணத்துக் கணித மேதை ராமானுஜனின் தாய். 1913இல் கேம்பிரிட்ஜிலிருந்து கணிதர் ஹார்டி அழைத்தபோது ராமானுஜன் போகவில்லை. கடல் கடந்தால் சாதிவிலக்கு, தாயின் மனம் இசையாது. மறு ஆண்டு தொடக்கத்தில் நெவில் என்ற கேம்பிரிட்ஜ் கணிதர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் உரையாற்ற வந்தார். ராமானுஜனை அழைத்துவரும் பொறுப்பும் அவருக்கு இருந்தது. வாதாடித்தான் ஆகவேண்டும் என்று வந்தவருக்கு வியப்பு. ராமானுஜன் ஏற்கெனவே சம்மதித்திருந்தார். தாய் ஒரு கனவு கண்டாராம். ஐரோப்பியர் நிறைந்த கூடத்தில் மகன் அமர்ந்திருக்கிறான். மகனின் பிறப்பு எதற்கோ அதற்குக் குறுக்கே நிற்காதே என்று நாமகிரித் தாயார் ஆணையிடுகிறார். 1914 மார்ச் 17 அன்று ராமானுஜன் கப்பலேறினார்.

கனவு உண்மையா என்று ஆராய்வதில் பயனில்லை. நடந்ததைக் கவனிக்க வேண்டும். கேம்பிரிட்ஜின் பெருமை அந்தத் தாயிடம் எடுபட்டிருக்காது. ஹார்டி யார் என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. அவர் நம்பியது நாமக்கல்லில் இருக்கும் தாயாரை. வேண்டாம் என்று சொன்ன வாயாலேயே போய்வா என்று சொல்ல அவருக்கு ஒரு கௌரவமான வழி தேவைப்பட்டது. அந்த வழி அவருடைய நம்பிக்கைக்குள்ளிருந்தே கிடைத்தது. மகன் வென்றான், தாய் தோற்றார் என்று அங்கே யாரும் சொல்ல முடியாது. சம்மதம் அவருடையதாகவே இருந்தது.

வீட்டில் பேச உட்காரும் பிள்ளைகள் மறந்துவிடுவது இதைத்தான். தங்களுக்குப் பெரிதாகத் தெரியும் காரணங்களை அடுக்குகிறார்கள்: தரவரிசை, வளாகம், 'எக்ஸ்போஷர்'. கேட்கும் அம்மாவுக்கு அதில் பிடிமானம் எதுவும் இல்லை. அவருக்குப் பிடிமானம் வேறு. அந்த ஊரில் அவசரத்துக்கு யார் இருக்கிறார்கள், காய்ச்சல் வந்தால் எந்த ஆஸ்பத்திரி, மாமியாருக்கும் நாத்தனாருக்கும் என்ன பதில் சொல்வது. இதெல்லாம் அற்பம் என்று பதினெட்டு வயது நினைக்கும். அம்மா நாளெல்லாம் அந்த உறவுகளுக்குள்தான் வாழ வேண்டும். அவரிடம் சொல்வதற்கு ஒரு நல்ல பதிலைக் கொடுத்துவிட்டுப் போவது பிள்ளையின் கடமை. அதனால்தான் பல வீடுகளில் பள்ளித் தலைமையாசிரியரோ, தாய்மாமாவோ, அதே கல்லூரியில் படித்த ஊர்ப் பெண்ணோ வந்து பேசியதும் கதவு திறக்கிறது. பிள்ளை சொன்னதையே அவர்களும் சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் சொல்லிக் கேட்டால் அப்பா தன் பிள்ளையிடம் தோற்றதாக ஆகாது.

உள்கேள்விக்கு வருவோம். முடிவெடுக்கத் தெரிந்த பிள்ளையா என்று சந்தேகப்படுபவரிடம், தெரியும் என்று வாயால் சொல்லி என்ன பயன்? அது வேலையில் தெரிய வேண்டும். மத்தியக் கல்வி நிறுவனங்களில் பிசி, எம்பிசி என்று நம் மாநிலம் தரும் சான்றிதழ் போதாது. மத்திய அரசு வடிவத்தில் ஓபிசி சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும், அதுவும் அந்த ஆண்டுக்குச் செல்லுபடியாக இருக்க வேண்டும். இதைத் தானே தெரிந்துகொண்டு, இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, தாலுகா அலுவலகத்துக்கு நடந்து வாங்கிவந்த பிள்ளை, பேச்சைத் தொடங்கும் முன்பே பாதிச் சம்மதத்தைச் சம்பாதித்துவிடுகிறது. ஐஐடியில் ஆண்டுக் கல்விக் கட்டணம் இரண்டு லட்சம் என்று கேட்டு அப்பா கலங்கும்போது, குடும்ப வருமானம் ஒரு லட்சத்துக்குள் என்றால் அது முழுக்கத் தள்ளுபடி, ஐந்து லட்சத்துக்குள் என்றால் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி என்று விவரத்தோடு சொல்லும் பிள்ளை வேறு. 'எப்படியாவது கட்டிடலாம்பா' என்று சொல்லும் பிள்ளை வேறு. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்து ஐஐடி, எய்ம்ஸ் போன்ற இடங்களுக்குப் போகும் பிள்ளைகளின் இளநிலைப் படிப்புச் செலவை ஏற்பதாகத் தமிழ்நாடு அரசு 2022-23 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. மாதிரிப் பள்ளிகளிலிருந்து பிள்ளைகளைத் தொலைவுக்கு அனுப்பும் கூலித் தொழிலாளர் வீடுகளில் இந்தச் செய்தி எவ்வளவு பெரிய துணை என்பதை அங்குள்ள ஆசிரியர்கள் அறிவார்கள்.

சாதகமானதை மட்டும் சொல்லும் பிள்ளையை எந்தப் பெற்றோரும் நம்பமாட்டார்கள். கல்விக் கடனைப் படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துக் கட்டத் தொடங்கினால் போதும் என்று சொல்பவர், அந்த இடைக்காலத்திலும் வட்டி ஓடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தீபாவளிக்கு டிக்கெட் எடுக்க வேண்டும் என்றால், 2024 நவம்பர் முதல் அறுபது நாட்களுக்கு முன்புதான் முன்பதிவு திறக்கிறது. நிமிடத்தில் காத்திருப்போர் பட்டியல் வந்துவிடும். பொங்கலுக்குப் பல வட மாநிலக் கல்லூரிகளில் ஊருக்கு வந்துபோகும் அளவு விடுமுறை கிடையாது. "அம்மா, பொங்கலுக்கு என்னால வர முடியாது" என்று முன்கூட்டியே சொல்வது கடினம். ஆனால் அந்த ஒரு வாக்கியம் பத்துச் சாதகங்களைவிட நம்பிக்கை தரும். நஷ்டத்தையும் எண்ணிப் பார்த்திருக்கிறது இந்தப் பிள்ளை என்று அப்போதுதான் அவர்களுக்குத் தோன்றும்.

எண்ணிப் பார்க்கும்போது சில நேரம் பெற்றோரின் மறுப்பே சரி என்று தெரியவரலாம். 'இங்க இல்லாததா?' என்ற கேள்விக்கு விடை சொல்லக்கூடிய படிப்புகள் உண்டு. புள்ளியியல் படிக்க விரும்பும் பிள்ளைக்குக் கொல்கத்தாவில் 1931இல் தோன்றிய இந்தியப் புள்ளியியல் நிறுவனம் இருக்கிறது. அங்கே கல்விக் கட்டணம் கிடையாது, தேர்வாகும் மாணவருக்கு மாதந்தோறும் உதவித்தொகையும் உண்டு. வடிவமைப்புக்கு அகமதாபாத், சினிமாவுக்குப் புனே, நாடகத்துக்குத் தில்லி, அடிப்படை அறிவியலுக்கு ஐசர்கள். இவற்றுக்கு நிகரானது பக்கத்தில் இல்லை என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லலாம். ஆனால் ஏஜெண்ட் ஒருவர் வீட்டுக்கே வந்து, கமிஷன் வாங்கிக்கொண்டு, அண்டை மாநிலத்தில் பெயர் தெரியாத கல்லூரியில் இடம் பிடித்துத் தருவதும் நடக்கிறது. அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கட்டி, படிப்பையும் பணத்தையும் இழந்த குடும்பங்கள் உண்டு. ஊரைவிட்டுப் போவதே குறிக்கோள், படிப்பு அதற்கொரு காரணம் என்றால் அதைப் பிள்ளை தனக்குத்தானே ஒப்புக்கொள்ள வேண்டும். வீட்டில் மூச்சுமுட்டுகிறது என்பதும் நியாயமான காரணமாக இருக்கலாம். ஆனால் அதற்கு மருந்து ஏதோ ஒரு கல்லூரி அல்ல.

இத்தனைக்கும் பிறகு ஒருவர் கேட்கலாம்: எதற்கு இந்தப் பாடு? பதினெட்டு வயது ஆகிவிட்டது, கடன் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டால் என்ன? போகலாம். சட்டம் தடுக்காது. சில வீடுகளில், படிப்பையே நிறுத்திக் கல்யாணம் பேசும் வீடுகளில், அப்படிப் போவதுதான் சரி. ஆசிரியரோ அதிகாரியோ துணை நின்று அனுப்பிவைக்க வேண்டும். மற்ற வீடுகளில், சம்மதத்தின் தேவை போகும்போது தெரிவதில்லை. போன பிறகுதான் தெரிகிறது.

முதல் பருவத்தில் ஒரு தாளில் தோல்வி. அறையில் கூட இருப்பவரோடு ஒத்துவரவில்லை. காய்ச்சல். மனம் சரியில்லை. வகுப்பில் எல்லோருக்கும் புரிவது தனக்கு மட்டும் புரியவில்லை என்று ஒரு பயம். இவை வராத முதலாண்டு அரிது. சண்டை போட்டுக் கிளம்பிய பிள்ளை இதை வீட்டில் சொல்லாது. சொன்னால் "அப்பவே சொன்னேனே" என்று வரும் என்பது அதற்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் சிரித்தபடி "எல்லாம் நல்லா இருக்கும்மா" என்று சொல்லும். அம்மாவும் இங்கே கண்ணைத் துடைத்துக்கொண்டு "நாங்களும் நல்லா இருக்கோம்" என்பார். இரண்டாயிரம் கிலோமீட்டர் தூரத்தைத் தொலைபேசி சுருக்கிவிட்டது என்று நினைக்கிறோம். அந்தத் தொலைபேசியில் இரு பக்கமும் பொய் ஓடிக்கொண்டிருந்தால் தூரம் அப்படியேதான் இருக்கிறது. ராமானுஜனும் இங்கிலாந்து போன புதிதில் வீட்டுக்கு அடிக்கடி எழுதிக்கொண்டிருந்தவர்தான். போர், நோய், வீட்டில் மாமியார் மருமகள் சச்சரவு எல்லாம் சேர்ந்து கடிதங்கள் அருகின. 1917இல் அவர் மருத்துவமனையில் கிடந்த காலத்தில் வீட்டோடு பேச்சு ஏறக்குறைய அற்றுப்போயிருந்தது. அந்தத் தனிமையும் அவரைத் தின்றது.

மனதாரச் சம்மதித்து அனுப்பப்பட்டு, வீட்டோடு பேச்சும் அறாத பிள்ளைக்கு இந்தக் கதி பெரும்பாலும் வராது. அது அழுதுகொண்டே போன் செய்யும். தோற்றதைச் சொல்லும். வேண்டும் என்றால் திரும்பி வரலாம் என்று அதற்குத் தெரியும். தெரிந்திருப்பதாலேயே பெரும்பாலும் திரும்பி வராமல் தாக்குப்பிடிக்கும். பெற்றோரின் சம்மதம் என்று நாம் இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருப்பது போவதற்கான அனுமதியை அல்ல. போவதற்கு ரயில் இருக்கிறது. தோற்றால் தலைகுனியாமல் வீட்டுக்கு வரலாம் என்ற உறுதியைத்தான் கேட்கிறோம். அதை வங்கி தராது, கல்லூரி தராது, உதவித்தொகை தராது. பெற்றவர்களால் மட்டுமே தர முடியும். அதனால்தான் அவர்களை மீறிப் போவதைவிட அவர்களிடம் பேசிப் பேசிக் காத்திருந்து போவது மேல்.

இதைப் புரிந்துகொண்ட பிள்ளை பேசும் விதமே மாறிவிடும். மறுப்பைக் கேட்டதும் கதவை அறைந்து சாத்தாது. அப்பாவுக்கு எதில் பயம் என்று கேட்கும். கேட்டுவிட்டுக் குறுக்கிடாமல் இருக்கும். அவர் தன் காலத்தில் எங்கே போக விரும்பினார், யார் தடுத்தார்கள் என்றும் ஒருநாள் கேட்கும். பல அப்பாக்களிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதே இல்லை. புரிந்துகொண்ட பெற்றோரும் மாறுவார்கள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் அந்த வளாகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வருவார்கள். 'அப்பவே சொன்னேனே' என்ற பேச்சைத் தங்கள் வாயிலிருந்து நிரந்தரமாக எடுத்துவிடுவார்கள். மகனிடம் கேட்காத கேள்வியை மகளிடம் கேட்பதற்கு முன் ஒரு கணம் நிறுத்தி யோசிப்பார்கள்.

பெற்றோருக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. நீங்கள் மறுத்தாலும் சம்மதித்தாலும் உங்கள் பிள்ளை முடிவெடுக்கத் தொடங்கிவிட்டது. உள்ளூர்க் கல்லூரியில் சேர்த்து மாலை ஆறு மணிக்கு வீட்டுக்கு வரவழைத்தாலும் அது நிற்கப்போவதில்லை. அந்த முடிவுகள் உங்களுக்குத் தெரிந்து நடக்குமா, தெரியாமல் நடக்குமா என்பது மட்டும்தான் இனி உங்கள் கையில் இருக்கிறது.